பச்சை ஒயருடன் ஒரு நன்றிக் கடிதம்

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங்கும் கிரைண்டர் ரிப்பேரும் செய்யும் பட்டறைக்காரன் எழுதுவது. தங்களிடம் எலக்ட்ரிக்கல் படித்து முதல் வகுப்பில் தேறிய தம்பி ஒருவர் ஒரு மாதமாக எங்களிடம் வேலை பார்க்கிறார். தங்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வந்த அன்றே பயோடேட்டாவை நீட்டினார். தலைமைப் பண்பு 5-க்கு 5. சிக்கல் தீர்க்கும் திறன் 5-க்கு 5. முப்பது வருஷமாகக் காயில் கட்டும் நான் எனக்கு 3 போட்டுக்கொள்வேன், அதுவும் வீட்டுக்காரி பக்கத்தில் இல்லாதபோது. "அஞ்சு வருஷத்துல என்னை எந்த இடத்துல வச்சுப் பார்க்கறீங்க சார்?" என்று அவரே கேட்டார். அப்போதைக்கு வார்னிஷ் டின்னை மிதித்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

மறுநாள், "பத்து-பதினொண்ணு ஸ்பேனர் எடுத்துட்டு வா தம்பி" என்றேன். பெட்டியையே துழாவி, இருந்த ஸ்பேனரையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். "பதினொண்ணு இல்லீங்க சார், பத்துதான் இருக்கு." அது எண்ணிக்கையல்ல, அளவு என்று தெரிந்த, பத்தாவதில் கோட்டை விட்ட எங்கள் கடைப்பையன் சிரித்த சிரிப்பில் டீ முழுக்க ஸ்டேட்டர் மேல்.

அதுகூடப் போகட்டும். ஒரு கிரைண்டருக்குப் பிளக் மாற்றச் சொன்னேன். கச்சிதமாக மாற்றியிருந்தார். பச்சை ஒயரை மட்டும் காணோம்.

"அதுல கரண்டே வராது சார். வேஸ்ட்டுன்னு வெட்டிட்டேன்."

வாஸ்தவம். வராதவரைக்கும் வராது. உள்ளே இன்சுலேஷன் போய் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறுகிற நாளில், ஈரக் கையோடு மாவு வழிக்கும் அம்மாவுக்கு அந்த எர்த் ஒயர்தானே காவல்? மூன்று பின்னில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம் என்று கேட்டேன். சொருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும், அதற்காகத்தான். தம்பி சொன்ன பதில்: "எர்த்திங் சிலபஸ்ல இருந்துச்சு சார். சாய்ஸ்ல விட்டுட்டேன்."

தங்கள் லேப் பற்றியும் விசாரித்தேன். முப்பது பேருக்கு ஒரு மோட்டாராம். கனெக்‌ஷனை லேப் அசிஸ்டென்ட் கொடுத்துவிடுவாராம். ரீடிங்கை சீனியரின் ரெக்கார்டு நோட்டு கொடுத்துவிடுமாம். இதுவரை ஒரு மாணவருக்கும் ஷாக் அடித்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். எப்படி அடிக்கும்?

இதே ஊரில் 1945-ல் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாயிருந்த ஜி.டி.நாயுடு, நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு போதும் என்று வாதாடி, அரசாங்கம் கேட்காததால் அந்தக் கல்லூரியின் முதல்வர் பதவியையே விட்டுப் போனார். தாங்கள் அப்படியெல்லாம் அவசரப்பட வேண்டாம்.

என் மகனும் தங்களிடம்தான் மூன்றாம் வருஷம் படிக்கிறான். போன வாரம் வீட்டில் ஃபியூஸ் போனபோது டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தான். "தள்ளி நில்லு, ஷாக் அடிச்சிரும், போய்ப் படி" என்று விரட்டிவிட்டு நானே போட்டேன். ஆகவே ஃபீஸ் பாக்கியை இந்த மாதமே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

இணைப்பு: பச்சை ஒயர், இரண்டு அங்குலம்.