சாவியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் டெலிவரி எடுக்க எந்தக் கிழமை நல்லது?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: மழை பெய்கிற கிழமை. கதவு ஒழுகுகிறதா, வைப்பர் துடைக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் கோக்கிறதா என்பதெல்லாம் கடைவாசலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கார் வாங்கி நாலு நாள் ஆகிறது. கலர் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: முடியாது. நாலு நாளைக்கு முன்னாலும் அதே கலர்தான்.

கேள்வி: ‘டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்’ என்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், கரூர்)

பதில்: டாக்டரை மருந்துக்கு நம்புங்கள், வண்டிக்கு சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். எத்தனையாவது ஓனர் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதெல்லாம் மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைக் குறித்து வைப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 92,000 காட்டிய மீட்டர் இன்று 58,000 காட்டினால், ஓட்டியவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். இந்தப் பகுதியில் பலமுறை சொன்னதை இன்னொரு முறையும் சொல்கிறேன்: வாயால் சொல்வதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 4,25,000 ரூபாய்க்குப் பெட்ரோல் கார் எடுத்தோம். ‘தண்ணியே படாத வண்டி’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார். இப்போது செக் என்ஜின் விளக்கு அணைவதே இல்லை. பவர் விண்டோ அதன் இஷ்டத்துக்கு இறங்குகிறது. மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் காய்ந்த சேறு. கன்சல்டிங்காரர் ‘காசு வேண்டாம், சரிபண்ணித் தர்றேன்’ என்கிறார். என் வீட்டுக்காரர் சரி என்கிறார். அண்ணன் திருப்பிக் கொடு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகி, தாம்பரம்)

பதில்: நான் உங்கள் அண்ணன் கட்சி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலோர் ரிப்பேர் செலவை வைத்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள்: பத்தாயிரம் என்றால் சமாளிக்கலாம், ஐம்பதாயிரம் என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று. அந்தக் கணக்கு தப்பு. விற்றவர் வண்டியைப் பற்றிச் சொன்னது உண்மையா என்பதுதான் கேள்வி. எட்டு வருஷம் ஓடிய காரில் கிளட்ச் தேய்ந்திருக்கும், பேட்டரி போயிருக்கும், ஏ.சி. கேஸ் குறைந்திருக்கும், டயர் மொட்டையாகியிருக்கும். இதெல்லாம் சேர்ந்துதானே விலை இறங்கியது? கிளட்சுக்காக வண்டியைக் கொண்டுபோய்க் கடைவாசலில் நிறுத்தினால், அநியாயம் நம் பக்கம்தான். ஆனால் தண்ணீரில் மூழ்கிய வண்டியைத் தண்ணியே படாதது என்று விற்றால், நீங்கள் விலை பேசிய வண்டி வேறு, வீட்டுக்கு வந்த வண்டி வேறு. எந்தப் பட்டறையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சென்னைப் பக்கத்தில் இது ஒன்றும் அபூர்வமான சங்கதி அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களை எண்ணி மாளாது. இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று தள்ளிய வண்டிகள் ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவர்களில் சிலர் கழுவி, பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி, சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்த அலங்காரம் எட்டாத சில இடங்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்தில் பழுப்பாகச் சேற்றுக்கறை கோடு போட்டிருக்கும். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அதைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியை விரலால் தடவுங்கள். மூன்றையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். இலவச ரிப்பேர் ஏன் கூடாது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது. வெள்ளத் தண்ணீர் வயர் முனைகளுக்குள் புகுந்துவிட்டால் செம்பு மெதுவாகப் பச்சை பூத்து அரிக்கும். இன்று விண்டோ போகும், ஆறு மாதம் கழித்து சென்சார் போகும். அதைவிட முக்கியம், ஏர்பேகை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, தரையை ஒட்டி இருக்கிறது. விபத்து நேரும்போது அது வேலை செய்யுமா என்று எந்த மெக்கானிக்கும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது. குழந்தைகளை ஏற்றிப் போகிற வண்டியில் இந்தச் சந்தேகத்தோடு வாழக் கூடாது.

சட்டம் உங்களுக்கு எதிராக இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் எந்த விதத்தில் சொன்ன தரமாக இருந்தாலும் பொருளில் அது இல்லாவிட்டால் அதைக் குறைபாடு என்றே கொள்கிறது. வாட்ஸ்அப் வாசகமும் அதில் அடங்கும். இன்னொன்றையும் அதே சட்டம் சொல்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க வியாபாரி மறுத்தால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு, போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் நாளைத்தான் பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்கப்புறம் நஷ்டஈடு கேட்கலாம், வண்டியைத் தள்ளிவிட முடியாது. ‘சரிபண்ணித் தர்றேன், அடுத்த வாரம் வாங்க’ என்பது நல்ல மனசோடு சொன்னதாகவே இருக்கட்டும். அப்படிப் போகிற ஒவ்வொரு வாரமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது.

கன்சல்டிங்காரர் என்ன சொல்வார்? ‘நீங்கதானே ஓட்டிப் பாத்து எடுத்தீங்க’ என்பார். இதில் பாதி நியாயம் இருக்கிறது. பார்த்தாலே தெரியக்கூடிய குறைகளுக்கு, பார்த்து வாங்கியவர் புகார் சொல்ல முடியாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. பம்பரில் கீறல் என்றால் அவர் பக்கம் தீர்ப்பு. தரைவிரிப்பைப் பிய்த்துப் பார்த்து யாரும் கார் வாங்குவதில்லை. அடுத்து, ‘உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்’ என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுவார். தேய்மானத்துக்கு அந்தத் தாள் செல்லும், ஏமாற்றுக்குச் செல்லாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு விஷயத்தைத் தெரிந்தே மறைப்பது மோசடி. அப்படி வாங்கிய சம்மதத்தை நீங்கள் ரத்து செய்யலாம். ‘எனக்கே தெரியாதுங்க, இப்படித்தான் வந்துச்சு’ என்பார் கடைசியாக. அது உண்மையாகவே இருக்கலாம். மோசடி என்ற குற்றச்சாட்டு வேண்டுமானால் விழும், குறைபாடு அப்படியே நிற்கும். தெரியாத விஷயத்தை ‘தண்ணியே படாதது’ என்று எழுதிக் கொடுத்தது அவர்தானே?

ஆனால் கோபத்தில் போய் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை மேஜையில் வீசிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். ஆர்.சி. உங்கள் பேரில் இருக்கிறவரை அந்தக் கார் யார் மேல் மோதினாலும் இழப்பீடு கேட்டு உங்களிடம்தான் வருவார்கள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிராகரித்த பொருளைச் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டிய கடமையும் வாங்கியவருக்கு இல்லை. வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும். ஆகவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன சொல்லி விற்றார், என்ன கண்டுபிடித்தீர்கள், வண்டியை நிராகரிக்கிறீர்கள், பணம் எத்தனை நாளில் வேண்டும். மெக்கானிக்கின் எழுத்து, போட்டோ இரண்டையும் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அன்றிலிருந்து வண்டியை ஓட்டாதீர்கள். பணம் கைக்கு வந்த பிறகு 29, 30 படிவங்களில் கையெழுத்து. அவர் 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவருக்கு மாறிவிடும். லோன் போட்டிருந்தால் இ.எம்.ஐ.யை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள், பேங்க்காரன் உங்களை ஏமாற்றவில்லை. டாக்குமெண்ட் செலவு என்று ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை உடனே தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதல் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். உங்கள் வீட்டுக்காரர் தயங்குவது இதற்காகத்தான் என்றால் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த வண்டிக்காக ஆணையத்துக்கு அலைவதுதான் பட்டறைக்கு அலைவதைவிட மேல்.

கேள்வி: லண்டனில் டீலரிடம் பழைய கார் வாங்கினேன். இங்கே எத்தனை நாள்?
(வாசகர், ஹாரோ)

பதில்: 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்தால் முழுப் பணம். அதற்குப் பிறகு ரிப்பேருக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால், விற்றபோது அது இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர். பழைய காருக்கும் இது உண்டு.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய காரில் கியர் பாக்ஸ் போய்விட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவர் வியாபாரி இல்லை, ஆணையம் எடுக்காது. தெரிந்தே மறைத்தார் என்று காட்ட முடிந்தால் சிவில் கோர்ட். முடியாவிட்டால் செலவில் பாதியைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் டாக்ஸி ஓட்ட வாங்கிய காரில் மீட்டர் குறைத்திருக்கிறார்கள். ‘தொழிலுக்கு வாங்கினவன் நுகர்வோர் இல்லை’ என்று கடையில் விரட்டுகிறார்கள்.
(வாசகர், வேலூர்)

பதில்: பாதிச் சட்டத்தைச் சொல்லி விரட்டியிருக்கிறார்கள். பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் அவர்கள் சொல்வது செல்லும். சுயதொழிலாக, பிழைப்புக்காக, நீங்களே ஓட்ட வாங்கிய ஒற்றை வண்டிக்கு நீங்களும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ், பெர்மிட், சர்வீஸ் சென்டரின் கிலோமீட்டர் பதிவு ஆகிய மூன்றின் நகலையும் மனுவோடு வையுங்கள். கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் உண்டு என்றாலும், நிராகரிப்புக் கடிதம் இந்த வாரமே போகட்டும்.