கூரையில் தொங்கும் பரிசல்

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அலைச் சத்தம் காதில் விழ அரை நாளாவது ஆகும். 1965இல் சேலத்திலிருந்து பாகம் பிரிந்து வந்தபோது எங்கள் பங்குக்குக் கிடைத்தது மலை, மானாவாரி நிலம், புளியமரம், ஒகேனக்கல். இருந்தாலும் இன்றைக்கு நெடுஞ்சாலையோரம் வஞ்சிரமும் இறாலும் வரைந்த பலகைகளுக்குப் பஞ்சமில்லை. நாலு வழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த ஓரங்களில் அந்தப் பலகைகள் நிற்கின்றன. மீன் குழம்புக்குப் புளி வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இல்லை போலிருக்கிறது.

அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குத் தங்கை மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பெங்களூரில் வேலை பார்க்கிறவன். "பாரம்பரியமான இடம் மாமா, உங்களுக்குப் புடிக்கும்" என்றான். பாரம்பரியம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிட்டிருந்தார்கள். உள்ளே, கூரையிலிருந்து ஒரு பரிசலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு நடுவில் விளக்கு. அசல் பரிசல்தான், மூங்கில் பின்னலும் தார் பூசிய தடமும் தெரிந்தன. சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், தன் இடுப்புயரத்துக்கு ஒரு மாசீர் கெண்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். முதுகில் திமில் மாதிரி மேடு இருக்கும் அந்த மாசீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. அதன் அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் தெளிவானது. அதே ஆண்டு, அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. அந்த ஓட்டலில் இருந்த ஒரே காவிரி மீன் அதுதான்.

சாப்பாட்டுப் பட்டியலைப் பார்க்க, மேஜைமேல் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனில் படம் பிடிக்க வேண்டும். வஞ்சிரம் தவா வறுவல், வாழையிலையில் பொதிந்த கேரள மீன் பொள்ளிச்சது, எலுமிச்சை வெண்ணெய்ச் சாறில் பாசா. பாசா என்பது வியட்நாமின் மீகாங் ஆற்று வழியில் வந்த கெளுத்தி வகை. காவிரி இங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். மீகாங் கிட்டத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள்.

மே மாதம் அது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பரிமாற வந்த தம்பியிடம் வஞ்சிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஃப்ரெஷ் சார்" என்றான். தடைக்காலமாச்சே என்றேன். "கேட்டுச் சொல்றேன் சார்." மேற்குக் கரையில் தடை ஜூன் மாதம்தான் தொடங்கும், மங்களூரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்திருக்கலாம், அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது அவனுக்குத் தெரியாது. காரம் எப்படி இருக்கும்? "கேட்டுச் சொல்றேன் சார்." முள் இருக்குமா? "கேட்டுச் சொல்றேன் சார்." யாரைக் கேட்கிறான் என்பது கடைசிவரை தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் மீனுக்கும் ஏதோ பழக்கம் இருக்கிறது என்ற அளவில் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

எண்பதுகளில் நான் அறிந்த மீன் ஓட்டலுக்குக் கதவே கிடையாது. கூரையும் சுவரும் கிடையாது. ஒகேனக்கல்லில் ஆற்றங்கரைப் பாறைமேல் மூன்று கல் அடுப்பு, பக்கத்தில் ஒரு சாக்கு விரித்தால் அதுதான் ஓட்டல். பென்னாகரம் தாண்டி மலைப் பாதையில் பஸ் இறங்கி நின்றதும் அக்காக்கள் சூழ்ந்துகொள்வார்கள். சமையல்காரப் பெண்களுக்கு அங்கே அக்கா என்பதுதான் பெயர், பதவி எல்லாம். ஒருவரிடம் பேசி முடித்தால் அவர் வாயாலேயே சீட்டு சொல்லுவார்: எண்ணெய் இவ்வளவு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். எல்லாம் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். மீனும் நம் செலவு. அவருக்குச் சமையல் கூலி மட்டும். நாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று, பரிசலில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவதற்குள் குழம்பு கொதித்திருக்கும்.

ஒரு தடவை அப்பா, தானே மீன் பார்க்கத் தெரிந்தவர் என்ற எண்ணத்தில், ஒரு கட்லாவை வாங்கிவந்து நீட்டினார். அக்கா அதைக் கையில்கூட வாங்கவில்லை. கட்டைவிரலால் விலாவில் ஒரு அழுத்து. குழி விழுந்தது, எழும்பவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"வெளுத்துப் போச்சு. எவன் குடுத்தான் இத? போய் மூஞ்சியில அடிச்சிட்டு வேற வாங்கியா சாமி. இத நான் அடுப்புல வெக்க மாட்டேன்."

அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். வீட்டில் அவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. பேசாமல் போய் மாற்றிக்கொண்டு வந்தார். வாடிக்கையாளரை இப்படித் திருப்பி அனுப்பும் துணிச்சல் எந்த நட்சத்திர ஓட்டலுக்கு உண்டு?

மாற்றி வந்த மீனோடு ஒரு கெளுத்தியும் சேர்ந்துகொண்டது. கெளுத்திக்கு வழவழப்பு போக வேண்டும்; அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்தார், கல் உப்பு போட்டு இன்னொரு தேய்ப்பு, பிறகு ஆற்றுத் தண்ணீரில் அலசல். கட்லாவை அரிவாள்மணையில் வைத்து, தலை தனியாக, வால் தனியாக. நறுக்கி முடித்ததும் துண்டுகளைத் தட்டில் பரப்பி எங்கள் முன்னால் வைத்தார். "எண்ணிக்கோங்க. பதினாறு துண்டு. அப்பறம் அக்கா ரெண்டு எடுத்துட்டான்னு பேச்சு வரக் கூடாது." அம்மாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. அக்காவுக்கு அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. தொழில் அப்படி.

சாப்பிடும்போது தையல் இலையில் சோறு. அப்பாவின் கண் அக்காவின் தூக்குச்சட்டியில் இருந்த கேப்பைக் களி மேல் போயிற்று. "அது எங்களுக்கு வெச்சது சாமி" என்றார் அக்கா. சொல்லிவிட்டுப் பாதி உருண்டையைக் கிள்ளி அப்பாவின் இலையில் போட்டார். குழம்பை அதன்மேல் ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, வயிற்றுப் பக்கத்துத் துண்டாகப் பார்த்து எடுத்து, முள்ளைத் தன் விரலாலேயே நீக்கிக் கொடுத்தார். நாங்கள் எழுந்திருக்கும்வரை நகரவில்லை. நன்றாக இருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவும் இல்லை. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது போதும் அவருக்கு. உபசாரம் என்றால் எனக்கு அதுதான்: ஆக்கியவர் சாப்பிடுகிறவர் முகத்துக்கு நேரே நிற்பது.

நெடுஞ்சாலை ஓட்டலில் நன்றாக இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார்கள். பில்லோடு ஒரு அட்டை வந்தது. நட்சத்திரத்தைக் கறுப்பாக்க வேண்டுமாம். மருமகன் ஐந்தையும் கறுப்பாக்கினான்.

இதை எழுதும்போது அந்தக் காலத்து மீன் அத்தனையும் அசல் காவிரிச் சரக்கு என்று சொல்லிவிட ஆசைதான். சொன்னால் பொய். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் பிள்ளைகள். குஞ்சாகக் கொண்டுவந்து விட்டு வளர்த்தவை. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கத் தொடங்கிய பிறகு, நாகமரை, ஒட்டனூர் பக்கமெல்லாம் ஆறு பாதி ஏரியாகிவிட்டது. ஏரிக்கு ஏற்ற மீன் அதில் பெருகியது. ஜிலேபி மீன் இன்னும் தூரம்: ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி 1952இல் இந்தியாவுக்குள் நுழைந்து, இன்று எந்த ஏரியில் வலை போட்டாலும் முதலில் சிக்குவது அதுதான். வாளையும் ஆராலும் வெண்கெண்டையும் நம் மண்ணின் மீன்கள். அவற்றைக் கேட்டால் இப்போது மீன்காரர் சிரிக்கிறார். ஆக, வந்தேறி மீன் என்று பாசாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கட்லா வந்த வழி அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அன்று காலை அது எந்தப் பரிசலில் கரைக்கு வந்தது என்று தெரியும். ஓட்டல் தம்பிக்குப் பாசா வந்த பெட்டியின் நிறம்கூடத் தெரியாது.

அந்தப் பாறை ஓட்டலின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புகை கண்ணைக் கரிக்கும். குரங்கு இலையோடு தூக்கிக்கொண்டு போகும். கை கழுவ ஆறு இருந்தது, மற்ற அவசரங்களுக்குப் புதர் இருந்தது; பெண்களுக்கு அதுவும் இல்லை. அக்காக்கள் வெயிலில் குந்தியே காலம் கழித்தார்கள். மழை நாளில் வருமானம் இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் பரிசல் நிற்கும், கூட்டம் நிற்கும், அடுப்பும் நிற்கும். பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி என்று பேப்பரில் வரும் செய்தி டெல்டாக்காரருக்குப் பாசனக் கணக்கு. அக்காவுக்கு அடுத்த வேளைச் சோற்றுக் கணக்கு. இன்றைக்கும் அது மாறவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இன்று மேல் என்பேன், ஒரு முனகலோடு. எங்கள் மாவட்டத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல் பழுப்பு. ஒகேனக்கல் போகிறவர்கள் வெறும் கேன் எடுத்துப் போய் ஆற்றுத் தண்ணீர் பிடித்து வருவார்கள். ஊரில் அதற்குத் தனி மரியாதை. 2008இல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 2013இல் திறக்கப்பட்டு தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரியைக் குழாயில் கொண்டுவந்தது. அப்படி வந்த பிறகு ஓட்டலில் உட்கார்ந்தால், எந்தக் கம்பெனி பாட்டில் சார் என்று கேட்கிறார்கள். காவிரித் தண்ணீர் கிடைக்குமா என்றேன். கேட்டுச் சொல்வதாகப் போனான்.

ஒகேனக்கல்லும் சும்மா இருக்கவில்லை. வண்டி நின்றதும் இளைஞர்கள் கண்ணாடியில் தட்டி, "மீன் சாப்பாடு ரெடி சார்" என்கிறார்கள். சீட்டு சொல்லும் வழக்கம் குறைந்து, செக்கச்செவேலென்று மசாலா தடவிய மீன் காலையிலிருந்தே தட்டில் அடுக்கிக் கிடக்கிறது. மிளகாயில் அந்தச் சிவப்பு வராது. பொரித்த எண்ணெய் எத்தனையாவது முறை கொதிக்கிறது என்பதை அதன் கறுப்பே சொல்லும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் மட்டும் தட்டுகள் மறைகின்றன. ஆற்றோரம் கண்ணாடிப் பாட்டில் துண்டுகள் கிடக்கின்றன. வாரக் கடைசியில் வருகிறவர்களின் காணிக்கை.

ஆனால் அக்காக்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று கல்லுக்குப் பதில் கேஸ் அடுப்பு, பாறைக்குப் பதில் தகரக் கொட்டகை. போன தடவை ஒருவரிடம் மீனை நீட்டியபோது அவரும் கட்டைவிரலால் அழுத்தித்தான் பார்த்தார். இது பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, "தக்காளி பாலக்கோடுதுதானே?" என்று கேட்டார். களி இருக்கிறதா என்றேன். "களி கிண்ட நேரம் ஏதுங்க? பரோட்டா வேணா வாங்கியாறச் சொல்லட்டா?" என்றார்.

நெடுஞ்சாலை ஓட்டல் பில்லில் ஐந்து சதவீத வரியைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறோம். பரிசல் விளக்குக்கும் ரோஜா இதழுக்கும் சேர்த்துத்தான் அந்த வஞ்சிரத்துக்கு விலை என்று தெரிந்தும் கட்டுகிறோம். அங்கே கட்டிவிட்டு இங்கே வந்து, மணிக்கணக்கில் நெருப்பின் முன் நிற்கிற பெண்ணிடம் அம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். என் மருமகனும் பேசினான். கையைத் தட்டி நிறுத்தினேன்.

ஒகேனக்கல் போகிறவர்களுக்கு: கிளம்பும் முன் பேப்பரில் கன அடியைப் பாருங்கள், பரிசல் தடை இருந்தால் இன்னொரு நாள் போகலாம். தட்டில் அடுக்கிய சிவப்பு மீனைத் தொடாதீர்கள்; முழு மீனாகப் பார்த்து, செவுள் தூக்கி வாங்குங்கள். எண்ணெயை நீங்களே வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தை அங்கேயே ஊற்றிவிடச் சொல்லாதீர்கள், ஆறு அது. அக்கா கேட்கிற சமையல் கூலியைக் கேட்டபடி கொடுங்கள்.