கோப்பையும் கல்தாவும்

கேள்வி: தேசியக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்த கால்பந்து மேனேஜருக்கு வேலை நிரந்தரம்தானே?

பதில்: லூயி வான் காலிடம் கேட்டுப்பாருங்கள்! 2016 மே 21, வெம்ப்ளி மைதானம். கூடுதல் நேரத்தில் கிரிஸ்டல் பேலஸை 2-1 என்று வீழ்த்தி, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எஃப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்தார். 23-ஆம் தேதி சீட்டைக் கிழித்துவிட்டார்கள். லீக்கில் ஐந்தாம் இடமாம். சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போச்சாம்.

தோற்ற பேலஸின் மேனேஜர் ஆலன் பார்டியூ பரவாயில்லை. தன் அணி முதல் கோல் போட்டதுமே எல்லைக்கோட்டோரம் இடுப்பை வளைத்து ஒரு குத்தாட்டம் போட்டுக்கொண்டார். மூன்றே நிமிடத்தில் யுனைடெட் பதில் கோல் போட்டது தனிக் கதை. முந்திக்கொண்டு ஆடியதுதான் மிச்சம். டிசம்பரில் அவருக்கும் கல்தா!