சொன்னோமே!

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது, அது ஆளை என்ன செய்யும் என்று முதலாளி தொழிலாளியிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றது அது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளில் சொல்லாமலா இருக்கிறார்கள்? பத்துப் பன்னிரண்டு பக்கத் தாள், நல்ல ஆங்கிலத்தில், மேனேஜர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சாவியும் பத்திரம். சல்பைடு மூட்டையைத் தூக்கி வருபவர் பீகார்க்காரர். டிரம்மில் கொட்டுபவர் வாணியம்பாடிக்காரர். இருவருக்கும் பொதுவாகச் சுவரில் ஒரு மண்டையோட்டுப் படம் உண்டு. அதன் ஆணியில்தான் சட்டை தொங்குகிறது.

உண்மையில் பாடம் நடத்துவது ஹைட்ரஜன் சல்பைடுதான். சல்பைடு தண்ணீரோடு அமிலம் சேர்ந்தால் கிளம்பும் வாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம். அது எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சுப்பா’ என்று தொட்டிக்குள் ஒருவர் இறங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர்.

2015 ஜனவரி 31, விடிவதற்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்துக்காரர்கள். தூங்குகிறவருக்கு எந்த மொழியில் பலகை வைப்பது என்று 41பி சொல்லவில்லை.