கைப்பைப் பாடபேதம்: ஒரு முன்னோடி ஆய்வு

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பவர்களுக்கு ஒரு துயரம் உண்டு. ஒரே நூலுக்கு நான்கு பிரதிகள் கிடைத்தால் நான்கும் நான்கு விதமாக இருக்கும். ஒன்றில் சீர் குறையும். ஒன்றில் அடி கூடும். இன்னொன்றில் ஏடு எழுதியவர் பாதியில் உறங்கிப்போனதற்கான தடயம் தெரியும். இத்துயரம் புலவர்களுக்கே உரியது என்றுதான் இதுகாறும் நம்பப்பட்டுவந்தது. பழைய கைப்பை சேகரிப்பவர்களின் பக்கம் ஒருமுறை தலையை நீட்டியிருந்தால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்காது. பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு ஜிப்பின் இழுப்பானை அவர்கள் ஆராயும் முறையைக் கண்டால், ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த பதிப்பாசிரியர்களே எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள்.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட மூலம், நியூயார்க் கோச் நிறுவனத்தின் தோல் கைப்பை. காலம், 1960கள் முதல் 1990கள் வரை. விலை மிக்க ஹெர்மீஸ் பையை விட்டுக் கோச்சைத் தேர்ந்தது ஏன் என்று தேர்வாளர் கேட்கக்கூடும். ஆராய வேண்டுமானால் பொருள் கையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக நல்கைகள் அந்த அளவுக்கு இன்னும் தாராளம் அடையவில்லை.

முதலில் நூல் வரலாறு. 1941இல் மன்ஹாட்டனில் ஒரு மாடியறைப் பட்டறையாகத் தொடங்கியது இந்நிறுவனம். ஆண்களின் பணப்பை போன்ற சிறு தோல் சாமான்களே அப்போதைய தொழில். 1946இல் மைல்ஸ் கான், லில்லியன் கான் என்ற தம்பதி வந்து சேர்ந்தனர். 1961இல் அவர்களே உரிமையாளர்களும் ஆயினர். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கையுறை அடிபட அடிபட மெத்தென்று ஆவதையும் பளபளப்புக் கூடுவதையும் கவனித்தவர் மைல்ஸ் கான். அதே வகைத் தோலில் பெண்களுக்குப் பை செய்யலாமே என்றவர் லில்லியன். 1962இல் பானி காஷின் என்ற வடிவமைப்பாளர் வந்தார். இன்று கோச் என்றதும் கண்முன் நிற்கும் அந்தப் பித்தளைத் திருகுப்பூட்டு அவர் கொண்டுவந்தது. திறந்த கூரைக் காரின் துணிக்கூரையை இறுக்கிவைக்கும் திருகிலிருந்து எடுத்தாண்டார். ஆக, இந்நூலின் மூலபாடத்திலேயே பேஸ்பால் கையுறையும் கார்க்கூரையும் கலந்திருக்கின்றன. தூய பாடம் தேடுவோர் இதை முதலிலேயே குறித்துக்கொள்வது நலம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஒரே மாடல், ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே காலம் என்று இரண்டு பைகளை மேசையில் வைத்தால், ஒன்றில் ஜிப் 'டாலன்' என்னும், மற்றதில் 'ஒய்கேகே' என்னும். ஒன்றின் உட்பை அரை விரல் இறங்கியிருக்கும். உள்ளே பொறித்த வாசகம் ஒன்றில் நேராகவும் மற்றதில் சற்றுச் சாய்ந்தும் இருக்கும். ஏன்?

இது குறித்து அறிஞரிடையே இரு பள்ளிகள் உண்டு. முதலாவது, ஒருபாடப் பள்ளி. மெய்யான பை ஒரே வடிவினது, மாறுவதெல்லாம் போலி என்பது இவர்கள் கொள்கை. இவர்களிடம் பையைக் காட்டுவது, சம்பந்தி வீட்டாரிடம் சமையலைக் காட்டுவதற்குச் சமம். இரண்டாவது, உட்பொருட் பள்ளி. ஒவ்வொரு மாற்றமும் நிறுவனம் ஆழ்ந்து எடுத்த முடிவு என்பார்கள் இவர்கள். தையல் ஓரிடத்தில் ஒரு கண் கூடிவிட்டால் அது ஒரு சகாப்தத்தின் முடிவு.

இரண்டையும் மறுத்து இக்கட்டுரையாளர் நிறுவ முயல்வது மூன்றாவது பள்ளி. அதற்குக் 'கைக்குக் கிடைத்ததியல்' என்று பெயர். அதன் நூற்பா வருமாறு:

தோலும் பூட்டும் தைத்தவர் கையும்
நாளும் திரிதலிற் பையும் திரியுமே.

இச்சூத்திரம் என்ன நுதலிற்றோ எனின், பை வேறுபடுதற்குரிய காரணம் உணர்த்துதல் நுதலிற்று. தோல் முதலில் வைத்தது என்னை? எனின், குற்றம் முழுவதையும் பசுவின் மேல் போடுவது எல்லார்க்கும் எளிது ஆகலான்.

எளிது என்றாலும் உண்மை. ஒரு முழுத்தோலில் முதுகுப் பகுதி இறுகியிருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். கழுத்தில் மடிப்புக் கோடுகள் ஓடும். வேலிக்கம்பி கீறியது, பூச்சி கடித்தது எல்லாம் தோலில் பதிந்துதான் இருக்கும். மலிவான தோலை மேலே தேய்த்து, கனமான நிறமி பூசி, அதன்மேல் செயற்கைச் சொரசொரப்பை அழுத்தி இவற்றை மறைத்துவிடுவார்கள். கோச் மறைக்கவில்லை. மேற்புறத்தைத் தேய்க்காத முழுத்தோலையே பயன்படுத்தியது. சாயமும் தோலுக்குள் ஊறியது. ஊறும் சாயம் இறுகிய இடத்தில் ஒரு மாதிரியும் தளர்ந்த இடத்தில் வேறு மாதிரியும் பிடிக்கும். பதனிடும் உருளையில் இந்த வாரம் போட்ட தோலின் சிவப்பு அடுத்த வாரத் தோலின் சிவப்போடு ஒத்துப்போனால், அது சாயக்காரரின் திறமை பாதி, அதிர்ஷ்டம் பாதி.

வியப்பு என்னவென்றால் நிறுவனமே இதை எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறது. பையைத் திறந்தால் உட்புறத் தோலில் ஒரு வாசகம் பொறித்திருக்கும். சேகரிப்பாளர்கள் அதைக் 'கிரீட்' என்பார்கள். நாம் சிறப்புப் பாயிரம் என்போம். தழும்பு, கீறல், நரம்பு, சுருக்கம் ஆகியவை முழுத்தோலின் இயல்பு என்ற பொருள்பட அது பேசும். பாடபேதம் வரும் என்று மூலநூலே முன்னறிவிப்புச் செய்திருக்க, ஒருபாடப் பள்ளியினர் அந்த வாசகத்தின் எழுத்து அளவை அளந்துகொண்டிருக்கிறார்களே தவிர, அது என்ன சொல்கிறது என்று படித்ததாகத் தெரியவில்லை.

இச்சிறப்புப் பாயிரத்தின் வரலாறு தனி நூலாக விரியத் தக்கது. 1960களின் பைகளில் அது கிடையாது. காஷின் காலத்துப் பைகள் சிலவற்றில் கோடு போட்ட பருத்தி உள்துணிதான் உண்டு. 1970களில் வாசகம் தோன்றுகிறது, முதலில் எண் இல்லாமல், பின்னர் எண்ணோடு. தொடக்க கால எண்கள் வெறும் பதிவு எண்கள். அவை பையின் மாடலைச் சொல்லா, ஆண்டையும் சொல்லா. ஆனாலும் அவற்றிலிருந்து ஆண்டு கணிக்க முயன்று உறக்கம் இழந்தவர் பலர். 1994 வாக்கில் நிறுவனம் இரக்கப்பட்டு முறையை மாற்றியது. முதலில் மாதத்துக்கு ஓர் எழுத்து, அடுத்து ஆண்டுக்கு ஓர் இலக்கம், பின்பு தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, கடைசியில் மாடல் எண். 9927 என்று முடிந்தால் அது 'வில்லிஸ்' பை. ஆனால் ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் போட்டால் அது எந்தப் பத்தாண்டைக் குறிக்கும் என்று ஒருநாள் குழப்பம் வந்தே தீரும். பின்னாளில் இரண்டு இலக்கமாக்கினார்கள்.

தொழிற்சாலையும் இடம் பெயர்ந்துகொண்டே இருந்தது. நியூயார்க் 34ஆம் தெருவில் தொடங்கிய தையல் புவர்ட்டோ ரிக்கோவுக்கும் கோஸ்டா ரிக்காவுக்கும் பரவி, பின்பு சீனா வரை சென்றது. இடம் மாறும்போது அச்சுக்கட்டை மாறும், தோல் வெட்டும் டை மாறும், தையல் இயந்திரத்தில் கண் அளவைத் திருப்பி வைக்கும் ஆளும் மாறுவார். டை தேய்ந்தால் வெட்டு அரை நூல் விலகும். புது டை வரும்வரை பழைய டையால் வெட்டியவை அலமாரியில் அடுக்கியிருக்கும். அவற்றை எந்த மேலாளரும் தூக்கி எறியமாட்டார். ஜிப்பின் கதையும் இதுதான். டாலன், அமெரிக்காவில் ஜிப் தொழிலின் மூத்த நிறுவனம். ஒய்கேகே, 1934இல் டோக்கியோவில் பிறந்து உலகத்தின் பாதிக் கால்சட்டைகளை ஆள்கின்ற நிறுவனம். கொள்முதல் செய்பவர் எப்போது கட்சி மாறினார் என்பதையும், மாறிய பிறகும் பழைய பெட்டியில் எத்தனை ஜிப் மிஞ்சியிருந்தது என்பதையும் பொறுத்தது உங்கள் பையின் சகாப்தம். உட்பொருட் பள்ளியினர் இதை ஏற்கமாட்டார்கள். அழகியல் புரட்சி என்று அவர்கள் எழுதிவைத்த அத்தியாயத்தின் கீழே, 'பெட்டி காலியாகிவிட்டது' என்று அடிக்குறிப்பு எழுத யாருக்குத்தான் மனம் வரும்?

இடையே ஒரு செய்தி. 1985இல் கான் தம்பதி நிறுவனத்தைச் சாரா லீ என்ற பெருங்குழுமத்துக்கு விற்றுவிட்டு, நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் ஆட்டுப்பண்ணை வைத்துப் பாலாடைக்கட்டி தயாரிப்பதில் முழுமூச்சாக இறங்கினர். பாலாடைக்கட்டி ஒவ்வொரு தடவையும் வேறு சுவையாக வந்தால் அதைப் பாராட்டுவார்கள், போலி என்று சொல்லமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம்.

பிற நூல்களோடு ஒப்பீடு சுருக்கமாக. லூயி விட்டோன் 1896இல் மானோகிராம் துணியை அறிமுகம் செய்தது. அதன் 'ஸ்பீடி' பை அடியில் தையல் இல்லாமல் ஒரே துண்டில் சுற்றி வருவதால், ஒரு பக்கம் எழுத்துகள் நேராக நிற்க, மறுபக்கம் தலைகீழாகத் தொங்கும். இதைக் கண்டு போலி என்று பதறுபவர்கள் இன்றும் உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் உரிமம் பெற்ற வேறொரு நிறுவனமே லூயி விட்டோன் பைகளைத் தயாரித்தது. அவற்றின் கைப்பிடித் தோல் பிரான்ஸ் பைகளைப் போல வெயிலில் தேன் நிறம் ஏறாது. ஷனேலின் 2.55 பை பிறந்தது 1955 பிப்ரவரி என்பது பெயரிலேயே இருக்கிறது. அதன் நீள்சதுரப் பூட்டுக்குப் பதிலாக, ஒன்றையொன்று பின்னிய இரு 'சி' எழுத்துப் பூட்டைப் புழக்கத்தில் விட்டவர் 1983இல் அங்கு சேர்ந்த கார்ல் லாகர்ஃபெல்ட். ஹெர்மீஸ் ஆண்டுக்கு ஓர் எழுத்து பொறிக்கும். 1971இலிருந்து அந்த எழுத்து வட்டத்துக்குள் போயிற்று, 1997இல் சதுரத்துக்குள் நுழைந்தது. பை ஒவ்வொன்றையும் ஒரே கைவினைஞர் இரண்டு ஊசிகளால் தைக்கிறார். ஆகவே இரு பைகளின் தையல் ஒத்திருந்தால் வியக்கலாம், ஒவ்வாதிருந்தால் வியக்க ஒன்றுமில்லை.

இடைச்செருகல் பற்றியும் சொல்ல வேண்டும். கோச் நெடுங்காலம் பழைய பைகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தது. 1978ஆம் ஆண்டுப் பை பட்டை அறுந்து அனுப்பப்பட்டால், பட்டறையில் அன்று கைவசம் இருந்த பட்டையும் வளையமும் ஏறித் திரும்பி வரும். மணிச்சங்கிலியில் தொங்கும் தோல் அட்டை தொலைந்தால், அக்காவின் பையிலிருந்து தங்கை கழற்றி மாட்டிக்கொள்வாள். முப்பது ஆண்டு கழித்து அதை வாங்கும் அறிஞர் 'கலப்புப் பிரதி' என்று தாளில் குறித்து, பூட்டு முந்தைய மரபு, அட்டை பிந்தைய மரபு என்று கிளைவழிப் படம் வரைவார். அக்காவும் தங்கையும் அந்தப் படத்தில் வருவதே இல்லை.

ஒருபாடப் பள்ளியினரின் வலுவான தடை இதுதான்: மாறுபாடெல்லாம் இயல்பு என்றால் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அற்றன்று. போலி செய்பவர் ஒரே ஒரு பையைப் பார்த்துப் படியெடுக்கிறார். பொறித்த எண்ணையும் அப்படியே எடுக்கிறார். ஆகவே ஒரே எண் தாங்கிய பைகள் சந்தையெங்கும் உலவுகின்றன. எழுத்துச் சாய்வு ஒன்று, தழும்பு இல்லை, நிறம் மாறாது. பதிப்பாசிரியர் ஆயுள் முழுதும் கனவு கண்ட பேதமற்ற பிரதி, கள்ளச் சந்தையில் பேரம் பேசினால் கிடைக்கிறது. எனவே பழைய பை வாங்குவோர் ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தோலை முகர்ந்து பாருங்கள், பூட்டின் கனத்தைக் கையில் நிறுத்துப் பாருங்கள், வாசகமும் எண்ணும் அந்தக் காலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஜிப் மட்டும் வேறாக இருந்தால் ஜிப்பை மன்னியுங்கள்.

முடிவாக, ஒருபாடப் பள்ளியின் அளவுகோலை ஹெர்மீஸின் ஒரு பைக்கும் வைத்துப் பார்க்கலாம். பாடகியும் நடிகையுமான ஜேன் பிர்கினுக்காகச் செய்த முதல் பிர்கின் பை அது. பின்னால் கடைக்கு வந்த பிர்கின்களில் இல்லாத, தோளில் மாட்டும் பட்டை இதில் உண்டு, அதுவும் கழற்ற முடியாதபடி. வளையங்கள் மூடியவை. அளவு 35க்கும் 40க்கும் கலப்பு. போதாததற்குப் பட்டையில் ஒரு நகவெட்டி வேறு தொங்குகிறது. மூடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள். முகப்பில் அவர் ஒட்டிய ஸ்டிக்கர்களின் கறை. பட்டியலில் உள்ள எந்த நிபந்தனையிலும் தேறாது. அப்பள்ளியின் தீர்ப்புப்படி இது ஐயத்துக்கிடமற்ற போலி. 2025 ஜூலை 10 அன்று பாரிஸில் சாதபீஸ் ஏலத்தில் அது சுமார் 86 லட்சம் யூரோவுக்கு விற்பனை ஆயிற்று.