கொத்தமல்லியைத் தோண்டிப் பார்த்த தம்பிக்கு

வா கண்ணு, வா. திண்ணையிலேயே உக்காரு. மூஞ்சி ஏன் தொங்கிக் கெடக்குது? தோட்டம் போச்சா? போவாம என்ன பண்ணும்!

நீ இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தன்னிக்கே பார்த்தேன். வண்டியில ஆளுங்களவிட மூட்டை அதிகம். செங்கல்லாட்டம் அமுக்கின தென்னைநார்க் கட்டி, செடி வெக்கிற பை, மண்ணுல குத்திப் பார்க்கிற மீட்டர், தானே தண்ணி திறக்கிற டைமர். ஏற்காட்டுல மண்ணுக்காடா பஞ்சம்? மலைமேல மண்ணை ஏத்திக்கிட்டு வந்தவனை இப்பத்தான் பார்க்கிறேன்.

சரி, ஆடிப்பட்டத்துல விதைச்ச. அது சரிதான். முள்ளங்கி நாலாம் நாளே தலைகாட்டுச்சு. ரெண்டு எலை விட்டதும் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புன. எனக்கும் ஒண்ணு வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதுக்குடா போட்டோ? வேலியோரம் எட்டிப் பார்த்தா தெரியாதா?

அந்த முள்ளங்கி குடுத்த தெம்புல கொத்தமல்லிக்குப் போன. ஏழு நாள்ல முளைக்கும்னு போன் சொல்லிச்சாம். எட்டாம் நாள் நீ என்ன பண்ணுன? குச்சியால கிளறிப் பார்த்த. நான் பார்க்கலைன்னு நெனைச்சுக்காத. முதல்ல, அதை முழுசாவே போட்டுட்ட. ஒரு மல்லிக்குள்ள ரெண்டு பருப்பு இருக்குது கண்ணு. செருப்பை வெச்சு லேசா தேய்ச்சா ரெண்டாப் பொளந்துக்கும், அப்புறம்தான் விதைக்கணும். அடுத்து, இது சேலம் இல்ல. கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேல குந்தியிருக்கோம். ஆடிக் குளிருல நமக்கே போர்வையை விட்டு வர மனசில்ல, மல்லி மட்டும் நாள் பார்த்து எந்திரிக்குமா? பாதி விதை வேர் விட்டிருந்துச்சு. நீதான் அதைப் பிடுங்கி, உள்ளங்கையில வெச்சு, "ஐயோ, முளைச்சிருக்கு"ன்னு அழுத. பிரசவம் ஆச்சான்னு மணிக்கொரு தரம் கதவைத் திறந்து பார்த்தவன் கதைதான்!

தக்காளி நாத்து சேதி வேற. மதியமே விளக்குப் போடுற அளவுக்கு மூடுபனி. உன் டைமர் அது பாட்டுக்குக் காலையும் மாலையும் தண்ணி விடுது. நார்க்கழிவோ குடிச்ச தண்ணியைக் கக்காது. நேத்து ஒரு நாத்தைத் தூக்கிப் பார்த்தேன். எலை பச்சையாத்தான் இருந்துச்சு. மண்ணை ஒட்டின எடத்துல மட்டும் தண்டு நனைஞ்ச நூலாட்டம் சுருங்கி, தலை சாஞ்சு கெடந்துச்சு. நாத்தழுகல். ஈரமும் நெருக்கமும் கண்ட பூசணம் வேற என்ன பண்ணும்? ஒரு நாள் தண்ணியை நிறுத்தி, பையை வெயிலு படற பக்கம் நகர்த்தியிருந்தா பாதியாவது தேறியிருக்கும். விரலை மண்ணுல விட்டுப் பார்க்க எந்த மீட்டர்டா வேணும்?

ஆனா மீட்டரையும் சும்மா சொல்லக்கூடாது. மண்ணு புளிப்புன்னு சொல்லிச்சில்ல? அது நெசம். மழை சத்தைக் கரைச்சுக்கிட்டு ஓடிடும். அதனாலதான் காபித் தோட்டக்காரங்க சுண்ணாம்பு போடுறாங்க. அடுப்புச் சாம்பலை ரெண்டு கை தூவு, போதும்.

மனசு ஒடியாத. கலெக்டருக்கே இந்தக் கதிதான். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை இங்க காபி, ஆப்பிள்னு என்னென்னவோ கொண்டாந்து நட்டாரு. காபி மலையைப் பிடிச்சுக்கிச்சு. ஆப்பிள் எங்க? சந்தையில கேளு, காஷ்மீர்லேருந்து வருதும்பான். துரைக்கே மலை பாதிதான் தலையாட்டுச்சு, நீ யாரு?

அப்புறம், காட்டுமாடு. உன் பச்சை வலையைப் பார்த்துச் சிரிச்சேன். ஒரு டன் எடை வெச்சுக்கிட்டு வர்ற கடா அதை மாராப்பு மாதிரி தோள்ல போட்டுக்கிட்டுப் போயிடும். வேலின்னா அது ஏறாத மேட்டுல...

என் அவரைப் பந்தலா? அங்க எதுக்குப் போற? இரு, இரு. சரி, பார்த்துட்ட. முந்தாநேத்து ராத்திரி ரெண்டு வந்துச்சு. காலு நாலையும் சாய்ச்சு, கொடியை வேரோட மென்னுட்டுப் போயிடுச்சு. சிரிக்காதடா. அறுபது வருஷமா இந்த மலையில வெள்ளாமை பண்றவன் நான். அது ஆளு பார்த்து மேயறதில்ல.

உள்ள ஆயாகிட்ட காபி வாங்கிக் குடி. போறப்ப அந்த மூலையில முளைவிட்ட சௌசௌ ரெண்டு கெடக்குது, எடுத்துக்க. உள்ள ஒத்தை விதைதான், வெட்டிப்புடாத. முழுக்காயைச் சாய்ச்சு வெச்சு, முளை வெளிய தெரியற மாதிரி மண்ணை மூடு. படர ஒரு மரம் காட்டு. காய்க்க அஞ்சாறு மாசம் ஆவும். நடுவுல தோண்டிப் பார்த்த, கையை ஒடிச்சுப்புடுவேன்.