ஏனம்மிணி, கரடியைக் கூப்பிடற?

சித்த இப்படித் திண்ணையில உக்காரு அம்மிணி. பையனை அப்புறமா அடிச்சுக்கலாம்.

அப்படி என்ன பண்ணிப்போட்டான்? என்னைப் பாத்து மொட்டைத்தலைன்னான். இருக்கறதைத்தானே சொன்னான்? அதுக்கு நீ எலிசா தீர்க்கதரிசி கதையை எடுத்து உட்டுட்ட. அவரு மண்டையைக் கேலி பண்ணுன நாப்பத்திரண்டு பொடுசுகளைக் கரடி ரெண்டு வந்து பீறிப்போட்டுது. இரண்டாம் ராஜாக்கள்ல இருக்குது, நான் இல்லைங்கல. அதுக்குன்னு அஞ்சு வயசுப் பையனுக்கு, பொழுது சாயற நேரத்துல, சங்ககிரி மலையடிவாரத்துல வெச்சுச் சொல்ற கதையா அது? ராத்திரி பூரா சன்னலைச் சாத்து சாத்துன்னிருக்கான். காத்தால ஓடியாந்து என்ற தலையைத் தடவிப் பாத்துப்போட்டு, "தாத்தா, காதோரம் கொஞ்சம் முடி இருக்குது. அப்ப நீங்க மொட்டை இல்ல. கரடி வராதுல்ல?"ங்கறான். வக்கீலுக்குப் படிக்க வெய்யி அவனை.

மலையைக் காட்டிச் சொல்லோணும்னா, மேல கோட்டை இருக்குது. 1805-ல வெள்ளைக்காரன் தீரன் சின்னமலையைத் தூக்குல போட்ட இடம். அதைச் சொன்னா நெஞ்சை நிமுத்தீட்டுத் தூங்குவான். உனக்கோ இட்லி திங்கலைன்னா இயேசப்பா கோவிச்சுக்குவாரு, பல்லு விளக்கலைன்னா இயேசப்பா அழுவாரு. அவருக்கு வேற சோலியே இல்லையா? உன்ற ஊட்டு இட்லிச் சட்டிக்கு அவரைக் காவல் வெச்சிருக்கற.

நீ என்ன பேசறயோ அதைத்தான் அவன் அப்படியே திருப்பித் தர்றான். போன வாரம் சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் பண்ணுனானே, கேட்டயா? "ஆண்டவரே, அப்பாவுக்கு ரிட்டன் லோடு குடும். டயர் வெடிக்காமப் பாத்துக்கும். ஆர்டிஓவை வேற ரோட்டுல அனுப்பும். அம்மா போன் பேசறதைச் சுருக்கும். ஆமென்." லாரிக்காரன் ஊட்டுப் பிள்ளை வேறென்ன கேப்பான்? நானும் முப்பது வருசம் ஸ்டேரிங் புடிச்சவன், கண்ணை மூடீட்டே ஆமென் சொன்னேன். கடைசி வேண்டுதலுக்கு உன்ற ஊட்டுக்காரன் சொன்ன ஆமென்தான் நெம்பச் சத்தமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமைக் கூத்து உனக்குத் தெரியாது, நீ பாட்டுப் புஸ்தகத்துல மூழ்கீட்டே. சண்டே ஸ்கூல்ல குடுத்த நட்சத்திர ஸ்டிக்கரை நெத்தியில ஒட்டீட்டு உக்காந்திருந்தான். காணிக்கைப் பை வந்துச்சு. பையன் நெத்தியை முன்னால நீட்டி வாயாலயே "பீப்"புன்னான். பை புடிச்சவரு நகரலை. மறுக்காவும் ஒரு "பீப்". எனக்குச் சித்த நேரம் கழிச்சுத்தான் விளங்குச்சு. 2021 பிப்ரவரில இருந்து டோல்கேட்டுல ஃபாஸ்டேக் கட்டாயம். அவன் அப்பன் லாரியில போறப்ப காசு குடுத்து இவன் பாத்ததே இல்லை. நம்மூருப் பக்கத்து டோல்கேட்டுக்குப் பேரு வைகுந்தம். வைகுந்தமே கண்ணாடியில ஒட்டுன அட்டைக்குத் தொறக்குது, இங்க மட்டும் ஏன் காசு கேக்கறாங்கங்கறான். நீ குடுத்த பத்து ரூபா அவன் கையிலயேதான் கசங்கிக் கெடந்துச்சு. குச்சி ஐஸ் வாங்கறதுக்கு.

ஆடி ஒண்ணாந்தேதி என்ன குத்தம் பண்ணுனான்? பக்கத்து ஊட்டுல தேங்கா சுட்டாங்க. சேலம் ஜில்லாவுல பொறந்துபோட்டு அன்னைக்குப் பிள்ளை ஊட்டுக்குள்ள உக்காருவானா? நாரை உரிச்சு, ஓட்டைத் தரையில தேச்சு வழவழன்னு ஆக்கி, கண்ணைத் தொறந்து, பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள்ளு, அவல், நாட்டுச்சக்கரை எல்லாம் இட்டு, அழிஞ்சிக் குச்சியைச் சீவிச் சொருகி நெருப்புல புடிக்கோணும். வாசம் பைபாஸ் வரைக்கும் போகுது. இவன் தீக்குப் பக்கத்துல நின்னு கத்தறான்: "மூணு தேங்காதான் போட்டோம், நாலு தெரியுது!" அக்கம் பக்கத்துக்காரங்க முழிக்கறாங்க. எனக்குத்தான் தெரியும், அவன் கண்ணுக்கு அது பைபிள்ல மூணு பேரைப் போட்டு நாலு பேரு தெரிஞ்ச நேபுகாத்நேச்சார் சூளை, உள்ள இருக்கறது சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. நாலாவது, எதிர் ஊட்டுப் பையன் நைசா நீட்டுனது.

நீ ஓடிப் போயிக் காதைப் புடிச்சு இழுத்தாந்துட்ட. படையல் தேங்காயைத் திங்கலாமான்னு அழுகை வேற. பவுல் ஐயா கொரிந்துக்காரங்களுக்கு இதைப் பத்தி ஒரு அதிகாரமே எழுதி வெச்சிருக்காரு, முதல் நிருபம், எட்டாவது. நிதானமாப் படி. அதுக்குள்ள அவன் கொண்டாந்த பாதித் தேங்காயை நான் முடிச்சர்றேன். டிசம்பர்ல நாம குடுக்கற கேக்கை அவிய ஒரு கேள்வி கேக்காமத்தான் திங்கறாங்க.

சந்தையில அரை மணி நேரம் காணாமப் போனான்னு நீ மார்ல அடிச்சுக்கிட்டது வேற. மரியாளும் யோசேப்பும் பன்னெண்டு வயசுப் பையனை எருசலேம்லயே உட்டுப்போட்டு, சொந்தக்காரங்க கூட்டத்துல இருப்பான்னு ஒரு நாள் வழி நடந்திருக்காங்க. மூணு நாள் பொறவுதான் ஆளு கெடச்சுது. அந்த ஊட்டுலயே அப்படின்னா, உன்னை யாரு கேக்கப் போறாங்க?

இனி, ஆராதனையில சத்தம் போடறான்னு முன் பெஞ்சுக்காரம்மா திரும்பித் திரும்பி மொறைக்கறாங்களே, அது. சண்டே ஸ்கூல் பொறந்ததே சத்தத்துலதான். 1780-ல இங்கிலாந்துல குளஸ்டர்ங்கற ஊருல, ஆறு நாள் வேலை செஞ்ச பொடுசுக ஞாயித்துக்கிழமையானா தெருவையே ரெண்டாக்குச்சுக. ராபர்ட் ரெய்க்ஸ்ங்கற பத்திரிகைக்காரரு புடிச்சு உக்கார வெச்சு எழுத்துச் சொல்லிக் குடுக்க ஏற்பாடு பண்ணுனாரு. மே மாசம் நீ பையனை அனுப்பற விடுமுறை வேதாகமப் பள்ளி இன்னும் மோசம். 1898-ல நியூயார்க்ல ஒரு அம்மா பீர்க்கடையை வாடகைக்குப் புடிச்சு அதுக்குள்ள நடத்துனாங்க. முன் பெஞ்சம்மாகிட்ட இதை நான் சொல்லிக்கறேன், நீ சொல்லாதே.

வர்ற ஞாயித்துக்கிழமை பையனை என்ற பக்கத்துல உக்கார வெய்யி. முறுக்கு மட்டும் கொண்டாராதே, பிரசங்கத்துக்கு நடுவுல கடிச்சா ஐயருக்கே வாய் ஊறுது. வாழைப்பழம் போதும். ரெண்டாக் கொண்டா, எனக்கொண்ணு.